உப்பு லாரிக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

மரக்காணம் உப்பளத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டு திண்டிவனம் சாலையில் போகும் பழைய லாரி ஏதாவது டீக்கடை ஓரம் நின்றால், அதை ஒரு சுற்று சுற்றிவந்து பாருங்கள். கேபின் கூரையின் பெயிண்ட் வெயிலில் வெளுத்து, விரலால் தடவினால் மாவாக ஒட்டும். முதலில் என்ன நிறம் என்று சொல்ல முடியாது. ஆனால் அங்கே துரு அநேகமாக இருக்காது. இனி குனிந்து கதவின் அடி விளிம்பைப் பாருங்கள். மட்கார்டின் உள்மடிப்பு, ஃபுட்போர்டின் பின்பக்கம், கேபின் சேசிஸின் மேல் உட்காரும் மூலை என்று வெயில் எட்டிப்பார்க்காத இடங்களிலெல்லாம் பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒன்றைக் குத்தினால் பழுப்பாக ஒரு சொட்டு நீர் கசியும். அப்புறம், பள்ளத்தை அடைக்கப் பூசிய பட்டி உதிரும். பட்டிக்குப் பின்னால் தகடு இருந்த இடத்தில் அடுக்கடுக்காகத் துருச் செதில்தான் மிச்சம்.

கூரைக்குப் பெயிண்ட் பட்டுப் பல வருஷம் ஆகியிருக்கும். கதவின் அடிப்பகுதிக்கோ போன எஃப்.சி.க்கு முன்னால்தான் அடித்திருப்பார்கள். எட்டு வயது தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. என்னும் தகுதிச் சான்று வாங்கியாக வேண்டும். அதற்கு முன்னால் பட்டி பார்த்து ஒரு கோட் அடித்துவிடுவது லாரிக்காரர்களின் வழக்கம். பெயிண்ட் செத்துப்போன இடத்தில் இரும்பு பிழைத்திருக்கிறது, பெயிண்ட் புதிதாக இருக்கும் இடத்தில் இரும்பு செத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தலைகீழ்க் கணக்கு புரியாமல் 'வண்டிக்கு மறுபடி பெயிண்ட் அடிக்கலாமா, வேண்டாமா' என்று முடிவெடுத்தால் பணம் போவதோடு வண்டியின் ஆயுளும் குறையும்.

இரும்பு துருப்பிடிக்கக் காற்றும் ஈரமும் வேண்டும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். மூன்று சோதனைக் குழாய், மூன்று ஆணி. ஒன்றில் கொதிக்கவைத்த தண்ணீர், மேலே எண்ணெய். இன்னொன்றில் உலர்ந்த காற்று. மூன்றாவதில் தண்ணீரும் காற்றும். மூன்றாவது ஆணி மட்டும் துருப்பிடிக்கும். இது சரிதான். ஆனால் இதிலிருந்து, எங்கே காற்று அதிகமாகப் படுகிறதோ அங்கேதான் இரும்பு அதிகம் அழியும் என்று நாமாக ஒன்றை முடிவு செய்துகொள்கிறோம். அது தவறு என்பதை ஒரே ஒரு சொட்டு உப்புத் தண்ணீரை வைத்துக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் ஈவன்ஸ். நடந்தது 1920களில்.

பளபளப்பாகத் தேய்த்த எஃகுத் தகட்டின் மேல் ஒரு துளி உப்புநீரை விட்டார். அதில் இரண்டு அடையாளப் பொருள்களைக் கலந்திருந்தார். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு, இரும்பு கரைந்துவரும் இடத்தில் நீலமாகும். பினாப்தலீன், காரம் உண்டாகும் இடத்தில் இளஞ்சிவப்பாகும். முதலில் துளிக்குள் இரண்டு நிறமும் அங்கங்கே புள்ளிகளாகத் தெரிந்தன. சிறிது நேரத்தில் அவை பிரிந்து நின்றன. துளியின் நடுவே நீலம், ஓரத்தைச் சுற்றி இளஞ்சிவப்பு வளையம், இரண்டுக்கும் இடையே பழுப்பாகத் துரு.

துளியின் ஓரம் மெல்லியது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதாக இறங்கும். நடுப்பகுதி தடிமனானது, இருந்த ஆக்சிஜன் தீர்ந்த பிறகு புதிதாக வந்து சேரத் தாமதமாகும். ஓரத்தில் ஆக்சிஜன் எலக்ட்ரான்களைக் கேட்கிறது. அவற்றைத் தகடு நடுப்பகுதியிலிருந்து தருகிறது. எலக்ட்ரானை இழந்த இரும்பு அயனியாகி நீரில் கரைகிறது. ஆக, தகட்டுக்குள் ஒரு சிறு மின்சாரம் ஓடுகிறது. மேலே உள்ள துளி அந்தச் சுற்றை மூடித் தருகிறது. இதைத்தான் மின்வேதி அரிமானம் என்கிறோம். இரும்பு கரையும் இடத்தைக் கரைமுனை என்றும், ஆக்சிஜன் எலக்ட்ரானை வாங்கும் இடத்தைக் காற்றுமுனை என்றும் இந்தக் கட்டுரைக்காக வைத்துக்கொள்வோம். பாடநூலில் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று இருக்கும்.

இந்தச் சோதனை லாரிக்காரருக்கு இரண்டு செய்தி சொல்கிறது. துரு காற்றால் உண்டானாலும் இரும்பு தின்னப்படுவது காற்று எட்டாத இடத்தில். மடிப்புக்குள், போல்ட் தலைக்கு அடியில், சேறு அப்பிய மூலையில், தூக்கிக்கொண்ட பெயிண்டுக்குக் கீழே. அடுத்தது, துரு தெரியும் இடமும் இரும்பு போன இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. கரைமுனையில் புறப்பட்ட இரும்பு வழியில் ஆக்சிஜனைச் சந்திக்கும் இடத்தில்தான் துருவாகப் படிகிறது. கண்ணுக்குத் தெரியும் பழுப்பைச் சுரண்டிவிட்டு 'முடிந்தது' என்று சொல்வது இதனால்தான் ஆபத்து.

துளியில் உப்பு இல்லாவிட்டாலும் இரும்பு துருப்பிடிக்கும், மெதுவாக. உப்பு சேர்ந்தால் நீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துகிறது. அதோடு, இரும்பின் மேல் தானாக உண்டாகும் மெல்லிய ஆக்சைடு படலத்தைக் குளோரைடு அயனி துளைக்கிறது. இந்த இரண்டும் எல்லாக் கடற்கரைக்கும் பொது. உப்பளத்தில் மூன்றாவதாக ஒன்று சேர்கிறது. என் கணக்கில் மற்ற இரண்டையும்விட அதுதான் பொல்லாதது.

மழைக்காலத்தில் ஜாடியில் இருக்கும் கல் உப்பு கசிந்து ஈரமாகிவிடும். பாக்கெட்டில் வரும் தூள் உப்பு அவ்வளவு ஆவதில்லை. காரணம் பாத்தியில் இருக்கிறது. உவர்நீரைப் பாத்திகளில் வெயிலில் காயவிடும்போது உப்புக்கு முன்பே ஜிப்சம் பிரிந்துவிடும். நீரின் அடர்த்தி போமே அளவில் 25 டிகிரியை ஒட்டி வரும்போது நாம் சாப்பிடும் சோடியம் குளோரைடு பூக்கத் தொடங்கும். மக்னீசிய உப்புகள் லேசில் படியாமல் மிச்ச நீரிலேயே கரைந்து நிற்கும். நாக்கில் வைத்தால் கசக்கும் அந்த நீரைத்தான் உப்பை வாரிய பிறகு வடித்துவிடுகிறார்கள். ஆனால் வாரிய உப்பின் மேல் அது கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் வரும். அம்பாரமாகக் குவித்து வைத்தால் நாளாக ஆக வடியும். வடியாத புது உப்பை ஏற்றினால் வழியெல்லாம் லாரியிலிருந்து சொட்டும்.

தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையும். மக்னீசியம் குளோரைடுக்குச் சுமார் 33 சதவீதம் போதும். பாடநூல் இதை ஈரம் உறிஞ்சிக் கரைதல் என்கிறது. மரக்காணம் மாதிரியான கடற்கரையில் காற்றின் ஈரப்பதம் 33க்குக் கீழே போகும் நேரம் மிக அரிது. கசப்பு நீர் பட்ட இரும்பு நம் கண்ணுக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உண்மையில் காய்வதே இல்லை. சித்திரை வெயிலிலும் அதன் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்கும். ஈவன்ஸின் துளி அங்கே இரவும் பகலும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

இரும்பு எத்தனை மணி நேரம் நனைந்திருக்கிறது என்பதே அரிமானத்தை முடிவு செய்கிறது என்பது எப்படித் தெரிந்தது? 1930களில் இங்கிலாந்தில் வெர்னன் என்ற ஆய்வாளர் இரும்புத் துண்டுகளை வெவ்வேறு ஈரப்பதமுள்ள காற்றில் வைத்து எடை பார்த்தார். கந்தகப் புகை கலந்த காற்றில் ஈரப்பதம் சுமார் 60 சதவீதம் வரை ஏறும்வரை பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதைத் தாண்டியதும் துரு சட்டென்று எகிறியது. மழையே இல்லாமல், ஒரு சொட்டு நீரும் படாமல். அதன் பிறகுதான் நனைவு நேரம் என்ற கணக்கு அரிமான அறிவியலுக்குள் வந்தது.

இப்போது கூரைப் புதிர் அவிழ்கிறது. விடியற்காலையில் கூரையிலும் பனி இறங்கும். ஆனால் வெயில் ஏறியதும் முதலில் காய்வது அதுதான். ஐப்பசி, கார்த்திகை மழை அதன் மேல் படிந்த உப்பையும் கழுவிவிடுகிறது. கதவின் அடியும் மட்கார்டின் உள்பக்கமும் மழைக்கும் மறைவு, வெயிலுக்கும் மறைவு. வந்த உப்பு அங்கேயே தங்குகிறது. மழை படும் இடத்தைவிட மழை படாத மறைவிடம் கடலோரத்தில் வேகமாக அரிக்கும்.

சரி, மறைவிடத்தில் பெயிண்ட் இருந்ததே, அது என்ன செய்தது? பெயிண்ட் என்றால் இரும்புக்குப் போட்ட மழைக்கோட்டு, நீரையும் காற்றையும் உள்ளே விடாது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். 1950களின் தொடக்கத்தில், அதே கேம்பிரிட்ஜில் மேய்ன் என்ற ஆய்வாளர் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார். பெயிண்ட் படலத்தின் வழியே ஓராண்டில் எவ்வளவு நீரும் ஆக்சிஜனும் ஊடுருவும்? பெயிண்ட் இல்லாத இரும்பு ஓராண்டில் துருப்பிடிக்க எவ்வளவு வேண்டும்? ஊடுருவும் அளவு, துருவுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே இருந்தது. அப்படியானால் பெயிண்ட் அடித்த இரும்பும் அடிக்காத இரும்பைப் போலவே துருப்பிடிக்க வேண்டும். பிடிப்பதில்லையே?

பெயிண்ட் தடுப்பது நீரை அல்ல, அயனிகளை என்பது மேய்ன் கண்ட விடை. கரைமுனைக்கும் காற்றுமுனைக்கும் இடையே அயனிகள் நகர்ந்தால்தான் மின்சுற்று முழுமையாகும். நல்ல பெயிண்ட் படலம் நீரை விடும், உப்பின் அயனிகளை லேசில் விடாது. சுற்று அறுந்துகிடக்கும், இரும்பு பிழைக்கும்.

பெயிண்ட் அடிக்கும்போதே உப்பு அடியில் மாட்டிக்கொண்டுவிட்டால்? அயனி உள்ளேயே இருக்கிறது. வெளியிலிருந்து வர வேண்டியது நீர் மட்டுமே, அதற்குப் பெயிண்ட் வழிவிடுகிறது. வழிவிடுவதோடு நிற்பதில்லை. நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் சற்று நேரத்தில் துண்டுகள் தண்ணீர் விட்டுக்கொள்கின்றன. தோல் போன்ற ஒரு சவ்வுக்கு ஒருபக்கம் உப்பு அதிகமானால் நீர் அந்தப் பக்கம் இழுபடும். இது சவ்வூடு பரவல். பெயிண்ட் படலம் அந்தச் சவ்வு. அடியில் உப்பு, மேலே பனிநீர். நீர் உள்ளே இழுபட்டு, அழுத்தம் ஏறி, பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்குகிறது. ஸ்க்ரூ டிரைவரால் குத்தியபோது கசிந்தது அந்த நீர்தான். கொப்புளத்துக்குள் கரைமுனை, அதன் ஓரத்தில் காற்றுமுனை. காற்றுமுனையில் காரம் உண்டாகும் என்று ஈவன்ஸின் இளஞ்சிவப்பு வளையம் காட்டியதே, அந்தக் காரம் சும்மா இருப்பதில்லை. நம் ஊர் ஒர்க்‌ஷாப்புகளில் அடிக்கும் சின்தடிக் எனாமல், எண்ணெயை அடிப்படையாகக் கொண்ட பெயிண்ட். எண்ணெயும் காரமும் சேர்ந்தால் சோப்பு. ஓரத்தில் பெயிண்டின் பிடிப்பு சோப்பாகிக் கழன்றுகொள்ள, கொப்புளம் நாலாபக்கமும் விரிகிறது. துருவோ, தான் உண்டாகக் காரணமான இரும்பைவிட இரண்டு மடங்கு முதல் ஆறு மடங்கு வரை இடம் அடைக்கும். மிச்சப் பெயிண்டை அது நெம்பி எடுக்கிறது.

ரெட் ஆக்சைடு அடித்தால் போதும் என்று சொல்வார்கள். ரெட் ஆக்சைடின் சிவப்பு நிறமி இரும்பு ஆக்சைடுதான். வேதியியல்படி துருவுக்கு நெருங்கிய சொந்தம். துருவை நிறுத்தும் சக்தி அந்தச் சிவப்பில் இல்லை. அதோடு கலக்கும் துத்தநாகச் சேர்மத்தில்தான் இருக்கிறது. முன்பு அது ஜிங்க் குரோமேட். புற்றுநோய் ஆபத்து தெரிந்தபின் ஜிங்க் பாஸ்பேட் பக்கம் உலகம் நகர்ந்துகொண்டிருக்கிறது. எதைக் கலந்தாலும், அடியில் உப்பு இருந்தால் சவ்வூடு பரவலுக்கு அது பதில் ஆகாது.

எவ்வளவு உப்பு இருந்தால் ஆபத்து? கப்பல்காரர்களிடம் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கடல்நீரை ஏற்றி இறக்கும் பல்லாஸ்ட் தொட்டிகளின் பெயிண்டுக்கென்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2006இல் ஏற்ற விதிப்படி, பெயிண்ட் அடிக்கும் முன் எஃகின் மேல் கரையும் உப்பு ஒரு சதுர மீட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. மூன்று மில்லிமீட்டர் பக்கமுள்ள ஒரு கல் உப்பின் எடை ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு ஒரே ஒரு கல் உப்பு! அளப்பது எளிது. தகட்டின் மேல் ஒரு சிறு பசைப் பையை ஒட்டி, ஊசியால் தூய நீரைச் செலுத்தி, உறிஞ்சி எடுத்து, அந்த நீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று பார்ப்பார்கள். மரக்காணத்துப் பெயிண்டரிடம் இந்தக் கருவி இருக்காது. ஆனால் அதைவிட எளிய சோதனை ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன்.

உப்பு துருவின் மேலே உட்கார்ந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீர் போதும். அது உட்காருவது துருவின் அடிவாரத்தில், குழிகளின் ஆழத்தில். குளோரைடு அயனிகள் கரைமுனையை நோக்கியே நகரும் என்பதால் அங்கே இரும்பு குளோரைடாகச் சேர்ந்துவிடும். இதை நன்றாக அறிந்தவர்கள் அருங்காட்சியகத்துக்காரர்கள். கடலடியிலிருந்து எடுத்த பீரங்கிக் குண்டையோ நங்கூரத்தையோ சுத்தம் செய்து கண்ணாடிப் பெட்டியில் வைத்தால், சில நாளில் அதன் மேல் பழுப்பு முத்துகளாக நீர் அரும்பும். உள்ளே மிஞ்சிய குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கிறது. அதனால்தான் அப்படிப்பட்ட பொருள்களை மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில், காரநீரில் ஊறவைத்து உப்பை வெளியேற்றுகிறார்கள். ஒயர் பிரஷ்ஷை வைத்து உலர்ந்த துருவைத் தேய்ப்பது இதற்கு நேர்மாறான வேலை. மேல்துருவை மினுக்கிவிட்டு உப்பை உள்ளே அழுத்தி மூடுகிறது.

கடைகளில் துருமாற்றி என்று ஒரு திரவம் விற்கிறார்கள். அதில் பலவற்றில் டானிக் அமிலம் இருக்கும். நம் கடுக்காயில் உள்ள துவர்ப்புப் பொருளின் இனம். துருவோடு சேர்ந்து கறுப்பாகிக் கெட்டியாகும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சிய அதே வேதியியல். மெல்லிய, இறுகப் பிடித்த துருவுக்கு நல்லது. உப்பை அது தொடுவதில்லை. ஆகவே உப்பு லாரியில் அதை மட்டும் நம்புவதில் பொருளில்லை.

இரும்பு எவ்வளவு வேகமாகப் போகும் என்பதையும் பார்த்துவிடுவோம். ஓரிடத்தின் காற்று எவ்வளவு அரிக்கும் என்பதைச் சொல்ல எஃகுத் துண்டுகளை எடை போட்டு, வெளியில் நிறுத்தி, ஓராண்டு கழித்துத் துருவை நீக்கி மறுபடி எடை பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலையைப் பல பத்தாண்டுகளாகச் செய்துவருவது காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம்.  மண்டபம் கடற்கரையில் அதன் சோதனைத் திடல் இருக்கிறது; இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தைத் தயாரித்ததும் அவர்களே. ஐ.எஸ்.ஓ. 9223 என்ற சர்வதேச அளவுகோல் காற்றை ஆறு படிகளாகப் பிரிக்கிறது. சாதாரண எஃகு முதல் ஆண்டில் 80 முதல் 200 மைக்ரான் தேய்ந்தால் ஐந்தாம் படி. 200 முதல் 700 வரை என்றால் கடைசிப் படி. உப்பு தெறிக்கும் வெப்பமண்டலக் கடலோரம் கடைசிப் படிக்கு உதாரணமாகச் சொல்லப்படுகிறது.

கேபின் தகட்டின் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர், அதாவது 1000 மைக்ரான். இரண்டு பக்கமும் ஆண்டுக்கு நூறு நூறு மைக்ரான் போனால் ஐந்து ஆண்டில் தகடு காலி. குழியாக அரித்தால் அதற்கும் முன்பே ஓட்டை. சேசிஸ் பட்டையோ பல மில்லிமீட்டர் தடிமன். அதே வேகத்தில் அரித்தாலும் நின்று பிடிக்கும். ஆனால் அங்கே ஓட்டை விழுந்தால் சுமை தாங்காது. கேபினில் ஓட்டை விழுந்தால் டிரைவர் காலில் மழைநீர் தெறிக்கும், அவ்வளவே. பெயிண்டுக்காகச் செலவழிக்கும் காசில் பெரும்பங்கை நாம் கேபினுக்கே கொடுக்கிறோம். எனக்கு இது விளங்குவதில்லை.

இப்படியொரு கடலோரத்தில் இரும்பை நூறாண்டுக்கு மேல் காப்பாற்றிய அனுபவமும் நம்மிடம் இருக்கிறது. 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம், கடல் நடுவே, இடைவிடாத பராமரிப்பிலும் பெயிண்டிலும் நின்றது. அரிமானத்தோடு போராடிப் போராடி அது தளர்ந்ததால் 2022 டிசம்பரில் ரயில் நின்றுபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்துக்குப் பாலிசிலாக்சேன் வகைப் பெயிண்ட் அடித்தார்கள், கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்தார்கள். நம் கதைக்கு முக்கியம் இன்னொன்று: இணைப்புகளை முழுக்க வெல்டிங் செய்தார்கள். ரிவெட்டும் போல்ட்டும் போட்டு இரண்டு தகட்டை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் நடுவே காற்றுப் புகாத ஓர் இடுக்கு இருக்கும். ஈவன்ஸின் துளிக்கு நடுப்பகுதி எதுவோ, அதுவே அந்த இடுக்கு. இடுக்கே இல்லாவிட்டால் கரைமுனைக்கு இடமில்லை. லாரியை மறுபடி வடிவமைக்க முடியாது. ஆனால் அதன் இடுக்குகள் எங்கே என்று தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

ஆகவே, முடிவெடுப்பது பெயிண்ட் கடையில் தொடங்கக்கூடாது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சிறு சுத்தியல், காந்தம் ஒன்று எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்ற வேண்டும். காந்தம் ஒட்டாத இடம் பட்டி. அங்கே முன்பே யாரோ எதையோ மூடியிருக்கிறார்கள். கூரையும் கேபினின் முன்முகமும் வெளுத்து மாவானால் அது புற ஊதாக் கதிரின் வேலை. மேல்தோல் மட்டும் உதிர்கிறது, அடியில் பிடிப்பு இருக்கிறது. அடிக்காமல் விட்டாலும் இரும்புக்கு உடனடி ஆபத்து இல்லை. எஃப்.சி.க்கும் கௌரவத்துக்கும் பளிச்சென்று வேண்டுமென்றால் வாட்டர் பேப்பர் போட்டு ஒரு கோட் அடிக்கலாம். அந்தச் செலவை அழகுக் கணக்கில் எழுதுங்கள், பாதுகாப்புக் கணக்கில் வேண்டாம்.

கொப்புளம் உள்ள இடம் வேறு கதை. அங்கே மேலே அடிப்பதைவிட அடிக்காமல் திறந்து விடுவது மேல். திறந்து கிடந்தால் கழுவும் தண்ணீராவது எட்டும். நிஜமாகவே காப்பாற்ற வேண்டுமானால் துருவைத் தகடு தெரியும்வரை எடுக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டு, மறுபடி கழுவ வேண்டும். ஒரே தடவையில் உப்பு வராது. நனைந்து காயும் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். 'நல்ல தண்ணீர்' என்பதைக் கவனியுங்கள். கடலோரத்துப் போர் தண்ணீர் பல இடங்களில் உவர்ப்பு. அதில் கழுவினால் உப்பை உப்பால் கழுவியது ஆகும். நான் முன்பு சொன்ன எளிய சோதனை இங்கேதான் வருகிறது. பளபளப்பாகச் சுத்தம் செய்த தகட்டை ஓர் இரவு அப்படியே திறந்து வையுங்கள். விடிந்ததும் ஆங்காங்கே புள்ளி புள்ளியாகப் பழுப்பு இறங்கியிருந்தால் அந்தப் புள்ளிகளில் உப்பு இன்னும் இருக்கிறது. மறுபடி கழுவல். நிறம் மாறாத தகட்டைக் காலையில் இன்னொரு முறை லேசாகத் தேய்த்துவிட்டு, பனி முழுக்க விலகிய பின் பிரைமர். தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் பனியாக இறங்கத் தொடங்கும் பனிநிலையைவிட மூன்று டிகிரியாவது கூட இருக்க வேண்டும் என்பது தொழில்விதி. கடற்கரையில் அது ஏறக்குறையக் காலை பத்து மணிக்கு மேல் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிரைமர் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் எபாக்சியாக இருந்தால் நல்லது. காரத்தில் அது சோப்பாவதில்லை. தகட்டின் கூர் விளிம்புகளுக்கு முதலில் பிரஷ்ஷால் தனியாக ஒரு கை அடித்துவிட வேண்டும். ஈரப் பெயிண்ட் கூர்விளிம்பிலிருந்து விலகி ஓடும். ஸ்பிரே மட்டும் அடித்தால் அங்கே படலம் மெல்லியதாகிவிடும். துரு விளிம்பில் தொடங்குவது பாதி இதனால்தான். பட்டியைப் பிரைமருக்கு மேல் வையுங்கள், வெறும் இரும்பின் மேல் வேண்டாம். பட்டியில் இருக்கும் மாவுக்கல் ஈரத்தைக் குடிக்கும்.

கதவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கதவின் அடியில் நீர் வடிய மூன்று நான்கு சிறு ஓட்டைகளைத் தயாரிப்பாளரே வைத்திருப்பார். எஃப்.சி.க்கு எஃப்.சி. பட்டியும் பெயிண்டும் பூசிப் பூசி அவை அடைத்துப்போகும். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீரும் டிரைவர் கால் கொண்டுவரும் உப்பும் உள்ளேயே தேங்கி, கதவு உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே எத்தனை கோட் அடித்தாலும் கொப்புளம் அதே இடத்தில் வரும் ரகசியம் பல வண்டிகளில் இதுதான். ஒரு கம்பியால் அந்த ஓட்டைகளைக் குத்தித் திறப்பதற்குக் காசு ஒன்றும் ஆகாது.

கடைசியாக சேசிஸ். உப்புச் சொட்டு பாடியின் பலகை இடுக்கு வழியே நேராகக் கிராஸ் மெம்பர் மேலும் யூ போல்ட் மேலும் விழுகிறது. பழைய எஞ்சின் ஆயிலைப் பூசிவிடும் பழக்கம் உண்டு. கொஞ்ச நாள் நீரைத் தள்ளும். பிறகு தூசியும் உப்பும் அதில் அப்பிக் கெட்டியாகிக் காற்றுப் புகாத ஒரு போர்வை ஆகிவிடும். மழை பெய்தால் அந்த ஆயில் மண்ணில் வடியும், பக்கத்தில் கழுவெளி நீர்நிலை இருக்கிறது. சுத்தியலால் சேசிஸைத் தட்டிக்கொண்டே போங்கள். கணீரென்று வந்தால் கழுவி, பிரைமரும் பெயிண்டும் பூசலாம். சத்தம் மந்தமாகி, தகடு தகடாகச் செதில் கழன்றால், அந்த இடத்தில் எஃகின் தடிமனை அளக்காமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். புது உப்பை ஏற்றும் லாரிக்கு, லோடுக்கு அடியில் கனமான தார்ப்பாய் ஒன்றைப் பள்ளமாக விரித்து, சொட்டும் நீர் பின்பக்கமாக வடியும்படி செய்வது எந்தப் பெயிண்டையும்விட மலிவு. உப்பளத்தை விட்டு வண்டி கிளம்பும் முன் அந்த நீரை அங்கேயே வடித்துவிடவும் முடியும்.